“அழுதா இனிமேல் கூட்டிப் போக மாட்டேன்!”



பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் நமக்கு லீவு போய்விட்டது என்று அர்த்தம். போன காலாண்டு விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து என் மூத்த மகளின் குழந்தைகள் இருவரும் பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு ஐந்து வயது. சின்னவளுக்கு இரண்டரை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே பத்து நாளும் பிள்ளைகள் என் பொறுப்பு.

நாலு நாள் வீட்டுக்குள்ளேயே ஓட்டினேன். ஐந்தாம் நாள் சோபாவின் மெத்தையெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. “ஏனுங்க, இதுகளை எங்காச்சும் பச்சையா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போலாமுங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஊட்டி என்றார். நான் குன்னூர் சிம்ஸ் பூங்கா என்றேன்.

ஏன் ஊட்டி வேண்டாம் என்றேன் தெரியுமா? என் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது ஒரே நாளில் தாவரவியல் பூங்கா, ஏரி, ரோஜாத் தோட்டம், தொட்டபெட்டா என்று இழுத்துக்கொண்டு அலைந்தவள் நான். சாயங்காலம் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தலைவலி, அவருக்குக் கோபம். குழந்தைகளுக்கு நாலு இடம் தேவையில்லை. நாலு மணி நேரம் நிம்மதியாகச் சுற்ற ஒரே ஒரு இடம் போதும். சிம்ஸ் பூங்கா 30 ஏக்கர் சுமார்தான். ஆனால் ஐந்து வயதுக் காலுக்கு அதுவே பெரிய நாடு!

புறப்படுகிற அன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, தலை சீவி, ஸ்வெட்டர் மாட்டிவிட்டேன். அப்போது பெரியவனின் மோவாயைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னேன். “இத பாரு கண்ணு, அம்முச்சி கூட்டிட்டுப் போறேன். ஆனா அங்க வந்து அது வேணும், இது வலிக்குதுன்னு அழுதா, இனிமேல் எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்.” அவனும் சமர்த்தாகத் தலையை ஆட்டினான். நாம் எல்லோரும் சொல்கிற சாதாரண வார்த்தைதானே இது? இதற்காக அன்று இரவே நான் கண்ணீர் விடப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மலை ரயிலில் போக வேண்டும் என்று பெரியவனுக்கு ஆசை. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற ரயில் அல்லவா அது! ஆனால் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். பல் சக்கரத்தைப் பிடித்து மெதுவாக ஏறுவதால் குன்னூர் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். இரண்டரை வயதை மடியில் வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமில்லை. “அடுத்த வருஷம் சாமி” என்று சொல்லி, காந்திபுரம் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் பிடித்தோம். சொந்தக் கார், வாடகைக் கார் வைத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. புறப்படும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு வாந்தி வருவது இங்கேதான். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஆளுக்கு ஒரு இட்லி, நல்லெண்ணெய்ப் பொடி தடவியது, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டேன். பால் கொடுக்கவே இல்லை. பஸ்ஸில் முன்பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னேன். புத்தகம், செல்போன் எதையும் கையில் கொடுக்கவில்லை. குனிந்து பார்த்தால் குமட்டல் உடனே வரும். வாந்தி நிற்கும் மாத்திரையைக் குழந்தைகளுக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அன்று சின்னவள் தூங்கியே வந்துவிட்டாள். பெரியவன் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தான். எட்டுக்கு மேல் கணக்கு தவறிவிட்டது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோத்தகிரி சாலையில் மேல் குன்னூரில் இருக்கிறது பூங்கா. உள்ளே போகும் முன்பே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ள வறுத்த அப்பளம். பிள்ளைகளுக்குத் தயிர் சோறு. தயிர் சோற்றைப் பாலில் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கட்டினால் மத்தியானம் வரைக்கும் புளிக்காது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போனோம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு.

இந்தப் பூங்காவுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஜே.டி. சிம் என்பவரும் மேஜர் முர்ரே என்பவரும் 1874-ல் தொடங்கியது. சிம் பெயர்தான் நிலைத்துவிட்டது. இப்போது தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,780 மீட்டர் உயரம். நம் கோவை 400 மீட்டர் சொச்சம்தான். காலையில் வியர்வையோடு புறப்பட்ட பிள்ளைகள் ஒன்பது பத்து மணிக்கெல்லாம் அங்கே குளிரில் நிற்கும். ஆகவே ஸ்வெட்டரும், காதை மூடும் குல்லாவும் பையின் அடியில் இல்லாமல் மேலாக இருக்கட்டும்.

சாலை மட்டத்தில் நுழைந்து, ஒரு பள்ளத்துக்குள் இறங்குவது போல அமைந்த பூங்கா இது. இறங்கும்போது பிள்ளைகள் ஓடும். ஏறும்போதுதான் “தூக்கு, தூக்கு” என்று கையை நீட்டும். நான் செய்த முதல் நல்ல காரியம், பாதி சக்தி இருக்கும்போதே திரும்ப ஏற ஆரம்பித்தது. தள்ளுவண்டியெல்லாம் இந்தச் சரிவுக்கும் படிக்கும் சரிப்படாது. இடுப்பில் தூக்கிக்கொள்ள ஒரு பழைய நூல் சேலைத் துண்டு போதும்.

பெரியவர்களுக்குப் பூங்கா என்றால் பூப்பாத்தி, கண்ணாடி வீடு, படகு விடும் குளம். எங்கள் பிள்ளைகள் பூப்பாத்தியைத் திரும்பியே பார்க்கவில்லை. மரம் போல வளரும் பெரணிகள் அங்கே உண்டு. அதன் இளங்குருத்து சுருட்டி வைத்த பாய் போல இருக்கும். அதைப் பார்த்து, “அம்முச்சி, யானைத் தும்பிக்கை!” என்று நின்றவன் பத்து நிமிஷம் நகரவில்லை. ருத்ராட்ச மரம் ஒன்று இருக்கிறது. பூஜை அறையில் அவனுடைய அப்புச்சி கழுத்தில் போடுகிற மாலை மரத்தில் காய்ப்பது என்று கேட்டதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அதன் பழம் நீலமாக இருக்கும், சதையை எடுத்தால் உள்ளே இருக்கும் கொட்டைதான் மாலைக்கு ஆகிறது என்று வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல வாயைத் திறந்தபடி கேட்டான். சின்னவளுக்கோ உதிர்ந்து கிடந்த சருகுகள்தான் எல்லாம். மிதித்தால் சரசரவென்று சத்தம் வருகிறதாம். அதிலேயே அரை மணி நேரம் போனது. பெரிய பெரிய மரங்களின் பெயர்ப் பலகையைப் படித்துக் காட்டலாமென்று நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் பார்க்கிறதை நாம் உட்கார்ந்து பார்த்தால் போதாதா?

மே மாதம் இங்கே பழக்கண்காட்சி நடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் கூட்டம் தாங்காது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சாதாரண நாளில், காலை நேரத்தில் போவதே நல்லது.

மத்தியானம் ஒன்றரைக்கு வெளியே வந்தோம். எதிரே பழைய காலத்துப் பெரிய கட்டடம் ஒன்று. “இதான் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட். அந்தக் காலத்துல நாய்க்கடி மருந்து இங்கதான் பண்ணுனாங்க” என்றார் அவர். “சரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்றேன் நான். அதற்கு மேல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலையோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரியவன் கையில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். எங்கிருந்து வந்ததோ, ஒரு குரங்கு. ஒரே பாய்ச்சலில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மதில் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “போனாப் போகுது, வேற வாங்கித் தர்றேன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை. கையைச் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு பேசாமல் நின்றான். “பாருங்க, எவ்வளவு சமர்த்து, அழவே இல்லை” என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். குரங்கு திரிகிற இடத்தில் குழந்தை கையில் தின்பண்டம் கொடுத்தது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அந்த நேரத்தில் அவன் கையைப் பிரித்துப் பார்க்காதது.

இரவு எட்டு மணிக்கு வீட்டில் வெந்நீர் ஊற்றும்போது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கோடு. ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

“ஏஞ்சாமி, அப்பவே சொல்லல?”

“அழுதா இனிமேல் கூட்டிட்டுப் போகமாட்டேன்னு சொன்னீங்கல்ல அம்முச்சி.”

சகோதரிகளே, அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. ஆறு மணி நேரம் அந்தக் குழந்தை வலியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, வளைவு வளைவாக மலை இறங்கி வந்திருக்கிறான். நான் போட்ட நிபந்தனையை அவன் காப்பாற்றிவிட்டான்!

“நகக் கீறல்தானே, மஞ்சளை வை” என்றார் வீட்டுக்காரர். நானும் அஞ்சறைப் பெட்டியைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, பக்கத்து வீட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார். சத்தம் கேட்டு வந்தவர் என் கையிலிருந்த மஞ்சளைத் தட்டிவிட்டார். “அம்மிணி, ஒண்ணையும் வைக்காத. குழாயைத் திற, சோப்பைக் கொண்டா” என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாகப் பதினைந்து நிமிஷம், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஆறு மணி நேரம் கழித்துக் கழுவினாலும் பிரயோஜனம் உண்டாங்க்கா என்று கேட்டேன். எப்போது தெரிந்ததோ அப்போதே கழுவ வேண்டும், கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது என்றார்.

இரவோடு இரவாகப் போனோம். டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வெறிநோய்க் கிருமி நாய் மூலம் மட்டும் வருவதில்லை. பூனை, குரங்கு என்று பாலூட்டிப் பிராணிகள் எதன் கடியாலும் கீறலாலும் வரலாம். ரத்தம் தெரிகிற கீறல் என்றால் கடி மாதிரியேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் ஆகும். அதுவரைக்கும் காவல் காப்பது இந்த மருந்து. நோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகக் காப்பாற்ற வழியே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒழுங்காகக் கழுவி, ஊசியும் முறையாகப் போட்டுக்கொண்டால் பயமில்லை.

காயத்தில் போடுகிற ஊசி வலிக்கத்தான் செய்யும். பெரியவன் என் முகத்தைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கினான். நான் அவன் தலையை என் தோளில் சாய்த்து, “அழு சாமி, நல்லா அழு. அழுதாலும் அம்முச்சி கூட்டிட்டுப் போவேன்” என்றேன். அப்புறம்தான் அழுதான். அவனோடு நானும் அழுதேன்.

அடுத்தது மகளுக்குச் சொல்ல வேண்டும். “காலையில் சொல்லிக்கலாம், ராத்திரியில் எதுக்குப் பயமுறுத்தறே” என்றார் அவர். எனக்கும் ஒரு நிமிஷம் அதுவே சரியென்று பட்டது. மாப்பிள்ளை என்ன நினைப்பார், சம்பந்தியம்மா என்ன சொல்வார் என்ற பயம். பிறகு யோசித்தேன். திட்டு வாங்குவோமே என்று வாயை மூடிக்கொண்ட ஐந்து வயதுப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, “ஊசி போட்டாச்சாம்மா? அடுத்த ஊசி என்னைக்கு?” என்று கேட்டாள். மறுநாள் விடியும் முன்பே வந்துவிட்டாள். வைதாளா என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் வைதாள்தான். வையட்டும், பெற்றவளாயிற்றே!

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கணக்கு வைத்து, தோலுக்குள் போடுகிற முறையில் அவனுக்குப் போட்டார்கள். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்துத்தான் எண்ண வேண்டும். தசையில் போடும் முறையில் பதினாலாம் நாளும் ஒன்று சேரும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. அந்தப் பழைய வகை மருந்தை நம் நாட்டில் 2004-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது புஜத்தில்தான், சின்னக் குழந்தைக்குத் தொடையிலும் போடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த எதிர்க் கட்டடத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1885 ஜூலையில் நாய் கடித்த ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டியரிடம் ஓடினாள். அந்தப் பையன் ஜோசப் மைஸ்டர்தான் வெறிநோய்த் தடுப்பூசியால் முதன் முதலில் பிழைத்த குழந்தை. நம் நாட்டில் இந்த ஊசிக்கான நிலையம் 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. தென்னாட்டில் ஒன்றும் இல்லை. 1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் சிகிச்சை கிடைக்காமல் வெறிநோயால் இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907-ல் குன்னூரில் இந்த நிலையம் திறக்கப்பட்டது. கைக்குழந்தையின் தொடையில் போடும் முத்தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையங்களில் இதுவும் ஒன்று. அதன் வாசலில் நின்றுகொண்டுதான் நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்!

குழந்தைகளோடு இப்படி ஒரு பூங்காவுக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. ஒரு நாளைக்கு ஒரே இடம். பிள்ளை களைப்பதற்கு முன் திரும்புங்கள்.

2. பையில் இரண்டு பொருள் கட்டாயம்: ஒரு சோப்புக்கட்டி, கூடுதலாக ஒரு பாட்டில் தண்ணீர்.

3. குரங்கு உள்ள இடத்தில் தின்பண்டம் குழந்தை கையில் வேண்டாம். நாமும் குரங்குக்குப் போடக் கூடாது. போட்டுப் பழக்கினால்தான் அது பிடுங்குகிறது.

4. கீறினால், கடித்தால் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் கூடாது.

5. அன்றே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் தேவையில்லை. நடுவில் ஒரு ஊசியைக்கூட விட்டுவிடக் கூடாது.

6. வெளியில் போய் வந்த அன்று இரவு குளிப்பாட்டும்போது உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஏழாவதாக ஒன்றை எனக்கு நானே எழுதிக்கொண்டேன். புறப்படும்போது குழந்தைக்கு நிபந்தனை போடக் கூடாது.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி முடிந்து பெரியவன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினான். “அம்முச்சி, அந்த யானைத் தும்பிக்கைச் செடியைப் பார்க்க மறுபடியும் எப்பப் போலாம்?” என்று கேட்டான். அரையாண்டு லீவுக்குப் போலாம் கண்ணு என்றேன். “அழலாமா?” என்றான்.

“அழலாம். விழுந்தா, வலிச்சா, பயந்தா உடனே என்கிட்டச் சொல்லோணும். அது ஒண்ணுதான்.”

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒருமுறை இதைச் சொல்லிவைப்பீர்கள் அல்லவா?